பட்டையின் ஓரத்தில் ஓர் எண்: கணினிச் சுமையை அளந்த வரலாறு

லினக்ஸ் கணினியின் மேசைத்திரை விளிம்பில் ஓடும் பட்டையில், அதாவது பேனலில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சில சிறு எண்களையும் அசைந்துகொண்டே இருக்கும் ஒரு வரைபடத்தையும் பலர் வைத்துக்கொள்வதுண்டு. செயலியின் சுமை, நினைவகத்தில் எஞ்சிய இடம், வெப்பநிலை, செலவாகும் மின்சாரம் ஆகியவற்றை அவை காட்டும். காய்ச்சல்மானியைப் படிப்பதுபோல் அவற்றைப் படிப்பதே வழக்கம்: உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பு உண்டு. எதை எண்ணுவது, எதை விடுவது, யாருக்குக் காட்டுவது என்று சிலர் முடிவெடுத்த நாள்கள் உண்டு. பெயர் மாறாமலே பொருள் மாறிப்போன எண்களும் உண்டு. பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று எதைக் குறிக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வேறுபாடு ஒன்றுதான்: மொழியில் அத்தகைய மாற்றம் நிகழ்ந்த நாளைச் சுட்ட முடியாது, கணினியில் பெரும்பாலும் முடியும்.

கதை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்ட காலத்தில் தொடங்குகிறது. பி.பி.என். நிறுவனத்தார் பி.டி.பி.-10 கணினிக்காக உருவாக்கிய டெனெக்ஸ் என்ற இயக்குதளத்தில் ‘சுமைச் சராசரி’ என்ற அளவு இருந்தது. 1973 ஜூலை மாதத்துச் சுமைச் சராசரிகளை ஆர்.எஃப்.சி. 546 என்ற ஆவணம் அர்ப்பாநெட் வலையமைப்பினருக்குப் பகிர்ந்தது. கையால் வரைந்த வரைபடமும் அதில் இருந்தது. வரையறை எளியது. ஒரு மணிநேரத்துச் சராசரி 10 என்றால், அந்த நேரத்தில் எந்தக் கணத்தில் எட்டிப்பார்த்தாலும் ஒரு செயல்முறை ஓடிக்கொண்டிருக்கும், ஒன்பது செயல்முறைகள் செயலிக்காக வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். வட்டுக்கோ நாடாவுக்கோ காத்திருப்பவை அந்த வரிசையில் சேரா. ஆக, அது செயலிக்கான வரிசையின் நீளம்.

அந்த எண்ணைப் பார்த்தவர் பொறியின் உடைமையாளர் அல்லர், பொறியைப் பிறரோடு பகிர்ந்துகொண்டவர் என்பது இங்கே முக்கியம். வரிசை நீளமாக இருந்தால் பெரிய கணக்கை இரவுக்குத் தள்ளிவைக்கலாம். வலையமைப்பில் வேறு பொறி இருந்தால் அங்கே போகலாம். இந்த நாகரிகம் யூனிக்ஸிலும் தொடர்ந்தது. 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி. பதிப்பின் ‘ரப்டைம்’ கட்டளை, உள்ளூர் வலையமைப்பில் உள்ள பொறிகளின் சுமையையெல்லாம் ஒரே பட்டியலில் காட்டும். கூட்டம் குறைந்த பொறியைப் பயனர் தேர்ந்துகொள்ளலாம். தன் நிரலின் முன்னுரிமையைத் தானே தாழ்த்திப் பிறருக்கு வழிவிடும் கட்டளைக்கு யூனிக்ஸில் ‘நைஸ்’ என்றே பெயர். இன்று ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினியிலும், செயலியின் நேரக்கணக்கில் ‘நைஸ்’ என்றொரு தனி இனம் இருக்கிறது. பங்காளிகள் போய்விட்ட வீட்டில் பாகப்பிரிவினைச் சுவர் மட்டும் நிற்பதைப் போல.

ரப்டைமுக்கு ஒப்பான ‘அப்டைம்’ என்ற கட்டளை, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று மூன்று சராசரிகளைத் தரும். அவையும் சொல்லளவில் மட்டுமே சராசரிகள். ஓய்ந்திருக்கும் ஒரு பொறியில் ஒரே ஒரு செயல்முறை முழுமூச்சாக ஓடத் தொடங்கினால், ஒரு நிமிடம் கழித்து ‘ஒரு நிமிடச் சராசரி’ 1 என்று காட்டாது, ஏறத்தாழ 0.63 என்றே காட்டும். பழைய மதிப்புகளைப் படிப்படியாகத் தேயவிட்டுப் புதியவற்றைச் சேர்க்கும் கணக்குமுறை அது. ஒரு நிமிடத்துக்கு முந்தைய கடந்தகாலமும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த எண்ணை எக்ஸ் சாளர அமைப்பின் ‘எக்ஸ்லோட்’ நிரல் ஒரு சிறு சாளரத்தில் ஊர்ந்து செல்லும் வரைபடமாக்கியது. இன்றைய பட்டைகளில் ஊரும் வரைபடங்களுக்கெல்லாம் அதுவே மூதாதை.

தனியாள் கணினி பரவியபோது இந்த அளவுமானிகள் காரணம் மாறியும் உயிர் பிழைத்தன. 1995இல் வந்த பீபாக்ஸ் கணினி தன் இரு செயலிகளின் சுமையை முகப்பில் இரண்டு விளக்கு வரிசைகளாகவே காட்டியது. 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0 கொண்டுவந்த டாஸ்க் மேனேஜர், சுருக்கி வைத்தாலும் கடிகாரத்தின் அருகே ஒரு சிறு பச்சைச் சதுரமாக நின்றது. இப்போது பார்ப்பவருக்கு வழிவிட வேண்டிய அண்டை வீட்டார் எவரும் இல்லை. தன் பொறி ஏன் திணறுகிறது என்பதே அவர் கேள்வி.

இந்தக் கேள்விதான் 1993இல் சுமைச் சராசரியின் பொருளை மாற்றியது. லினக்ஸ் அப்போது 1.0 பதிப்பைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு சிறு திருத்தத்தை அனுப்பினார். அவர் வாதம் இது: ஓடத் தயாராக இருக்கும் செயல்முறைகளை மட்டும் எண்ணினால், வேகமான இடமாற்று வட்டை எடுத்துவிட்டு மெதுவான வட்டைப் பொருத்தும்போது, எல்லாச் செயல்முறைகளும் வட்டுக்காகக் காத்து நிற்கும், செயலிக்கான வரிசை குறையும், சுமை எண் இறங்கும். பொறி திணறும்போது எண் இறங்குவது பயனரின் உணர்வுக்கு முரண். ஆகவே, இடையில் எழுப்ப முடியாதபடி காத்திருக்கும் செயல்முறைகளையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டது. டெனெக்ஸ் வரையறை வெளியே நிறுத்திய காத்திருப்போர் லினக்ஸில் உள்ளே வந்தனர். வேறு சில இயக்குதளங்களில் பழைய பொருளே நின்றது. ஒரே சொல், இரண்டு வட்டார வழக்குகள்.

இந்த மாற்றத்தின் காரணம் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் பொதுநினைவிலிருந்து மறைந்திருந்தது. லினக்ஸின் சுமைச் சராசரி மட்டும் ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய பிரெண்டன் கிரெக், 2017இல் பழைய அஞ்சல் குழுக் காப்பகம் ஒன்றில் அந்த 1993 அஞ்சலைக் கண்டெடுத்தார். பாடபேதம் தேடும் பதிப்பாசிரியரின் வேலைக்கு நிகரானது அது. அவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தார். திருத்தம் வந்த காலத்தில் கெர்னலில் 13 இடங்களே ஒரு செயல்முறையை அந்த ‘எழுப்ப முடியாத’ நிலைக்குக் கொண்டுசென்றன, 4.12 பதிப்பில் அவை ஏறக்குறைய 400. வட்டுக் காத்திருப்பைக் குறிக்கச் சேர்த்த இனம், சில பூட்டுகளுக்கான காத்திருப்புகளையும் விழுங்கிவிட்டது. தொலைவிலுள்ள கோப்பு வழங்கி செத்துப்போனால் அதற்காகத் தொங்கி நிற்கும் செயல்முறைகளால் சுமை எண் மலைபோல் ஏறும்; செயலியோ சும்மா இருக்கும். அந்த எண்ணைக் கணக்கிடும் கெர்னல் கோப்பின் தலைப்புக் குறிப்பே, இது அசட்டு எண்தான், ஆனால் மக்கள் இதை முக்கியமென்று நினைக்கிறார்கள் என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. ‘அசட்டு’ என்பது சற்று அநியாயமான தீர்ப்பு. 1993இன் முடிவு தவறன்று. வேறொரு கேள்விக்கான விடை பழைய கேள்வியின் பெயரிலேயே உலவுகிறது என்பதுதான் சிக்கல்.

நினைவகத்துக்கும் இதே விதி. லினக்ஸ், பயன்படாத நினைவகத்தை வீணாக விடாமல், அண்மையில் படித்த கோப்புகளை அதில் சேமித்து வைக்கும். தேவை வந்தால் உடனே விட்டுக்கொடுக்கும். அதனால் ‘காலி’ என்ற எண் எப்போதும் அச்சமூட்டும்படி சிறிதாகவே இருக்கும். லினக்ஸ் நினைவகத்தைத் தின்றுவிட்டது என்று புதியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புலம்பியிருக்கிறார்கள். 2014இல் வந்த 3.14 பதிப்புதான் ‘கிடைக்கக்கூடியது’ என்ற தனி மதிப்பீட்டைத் தந்தது. காலியாக இருப்பதும் கேட்டால் கிடைப்பதும் வேறு வேறு என்பதைச் சொல்ல ஒரு சொல் அதுவரை இல்லை.

வெப்பநிலையின் கதை வேறு வகை. மதர்போர்டில் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் விசிறி வேகத்தையும் அளக்கும் சில்லுகள் 1990களில் பரவின. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்.எம்.78 அவற்றுள் ஒன்று, லினக்ஸின் ‘எல்.எம். சென்சர்ஸ்’ திட்டம் அந்த எழுத்துகளைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்பதைக் கண்டறிய அந்தத் திட்டத்தின் நிரல் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப்பார்க்கும். ஐ.பி.எம். திங்க்பேடு மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த ஒரு நினைவகச் சில்லு, இந்தத் தட்டலை எழுதச் சொல்லும் ஆணையாகப் புரிந்துகொண்டு தன் உள்ளடக்கத்தைக் கெடுத்துக்கொண்டது. அதன் பிறகு கணினி தொடங்கவே மறுத்தது. வெப்பத்தைப் பார்க்க விரும்பியவர் பொறியையே இழந்தார். பிறகு அத்தகைய பொறிகளை இனங்கண்டு ஒதுங்கும் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பார்ப்பது பாதிப்பில்லாத செயல் என்ற நம்பிக்கைக்கு விழுந்த முதல் அடிகளில் இதையும் சேர்க்கலாம்.

பட்டையில் இவ்வளவும் எளிதாகக் கூடியதற்குக் காரணம் 1984இல் டாம் கில்லியன் எட்டாம் பதிப்பு யூனிக்ஸில் செயல்படுத்திய ஒரு கருத்து: ஓடும் செயல்முறைகளைக் கோப்புகளாகக் காட்டுவது. லினக்ஸின் ‘ப்ராக்’ அடைவு அதன் வழித்தோன்றல். செயலியின் நேரக்கணக்கு அங்கே வெறும் எழுத்தாக இருக்கிறது. பட்டையில் அமரும் சிறுநிரல் அதை ஒரு நொடி இடைவெளியில் இருமுறை படித்து, கழித்து, விழுக்காடாக்கினால் போதும். தனி உரிமை எதுவும் வேண்டியதில்லை. ஜிகிரெல்எம், எக்ஸ்.எஃப்.சி.இ. பட்டையின் செருகுநிரல்கள், குனோம் 2இன் கண்காணிப்புச் சிறுநிரல் எல்லாம் அந்தத் திறந்த வாசல் வழியாக வந்தவை. 2011 ஏப்ரலில் குனோம் 3.0 பட்டைச் சிறுநிரல்களைக் கைவிட்டபோது, பயனர்கள் நீட்சிகளாக அவற்றை மீண்டும் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் திறந்த வாசலில் பிறரும் நுழையலாம். ‘ப்ராக்’ அடைவில் தெரியும் சில மதிப்புகளைக் கொண்டே இன்னொரு பயனர் எந்த நேரத்தில் விசையைத் தட்டுகிறார் என்பதைக் கணித்து, அவர் தட்டச்சு செய்வதை ஊகிக்கலாம் என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. உலாவியின் நினைவக அளவு ஏறி இறங்கும் தாளத்திலிருந்தே அவர் பார்க்கும் வலைப்பக்கத்தை இனங்காணலாம் என்று 2012இல் சுமன் ஜனா, விட்டாலி ஷ்மாட்டிகோவ் ஆகியோர் காட்டினர். அதே ஆண்டு லினக்ஸ் 3.3, பிறரின் செயல்முறைகளை மறைக்கும் வசதியைச் சேர்த்தது; அதைப் பயன்படுத்துவது நிர்வாகியின் விருப்பம். 2017இல் ஆண்ட்ராய்டு 8 செயலியின் மொத்த நேரக்கணக்கையே செயலிகளுக்கு மூடியது. கைப்பேசியின் மேல்பட்டையில் சுமையைக் காட்டிவந்த எத்தனையோ செயலிகள் ஒரே பதிப்பில் குருடாயின.

மின்சார அளவு கடைசியாக வந்தது. 2011 முதல் இன்டெல் செயலிகள் தாம் செலவழித்த ஆற்றலைத் தாமே எண்ணி வைக்கின்றன. லினக்ஸ் அதைச் சாதாரணக் கோப்பாக எல்லோருக்கும் படிக்கத் தந்தது. பட்டையில் ‘வாட்’ எண் தோன்றியது அதனால்தான். மறைகுறியீட்டுச் சாவியை மின்நுகர்வின் நுண்ணிய வேறுபாடுகளிலிருந்து பிடிப்பது பழைய உத்தி; ஆனால் அதற்குப் பொறியைக் கையில் வைத்து அலைகாட்டியை இணைக்க வேண்டும். 2020 நவம்பரில் கிராட்ஸ், பர்மிங்காம் பல்கலைக்கழகங்களையும் ஜெர்மனியின் சிஸ்பா மையத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘பிளாட்டிபஸ்’ என்ற தாக்குதலை வெளியிட்டனர். அலைகாட்டி தேவையில்லை, அந்தக் கோப்பே போதும் என்பது அதன் சாரம். லினக்ஸ் கெர்னல் உடனே அந்தக் கோப்பைத் தலைமைப் பயனருக்கு மட்டும் உரியதாக்கியது. பட்டைகளில் வாட் எண் மறைந்தது. அதை மீண்டும் காண விரும்பும் சிலர், கணினி தொடங்கும்போதே அந்தக் கோப்பின் அனுமதியைத் தளர்த்தும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த வரி ஓடியதும், பட்டையில் எண் திரும்ப வருகிறது. கணினியில் ஓடும் மற்ற எல்லா நிரல்களாலும் அதைப் படிக்க முடிகிறது.