கடலோடிக்குக் கடல் இன்பமா?

இந்த யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபோது, குளச்சல் போரைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலும். 1741இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரரை வென்றதும், சிறைப்பட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானதும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அந்தப் போருக்கு முன்னும் பின்னும் நாள்தோறும் கடலுக்குப் போய் வந்த மனிதனைப் பற்றித்தான் ஏடுகள் பேசுவதில்லை. அவனிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடலில் இருப்பது அவனுக்கு உண்மையிலேயே இன்பமாக இருந்ததா?

நான் நாஞ்சில் நாட்டு நெல்வயல்களுக்கு நடுவே பிறந்தவன். சிறு வயதில் கடல் என்றால் குமரிமுனையில் சூரியோதயம் பார்ப்பது, ஈரக் காலோடு பஸ் ஏறுவது, அவ்வளவுதான். குருப்பட்டம் பெற்ற புதிதில் கடற்கரைப் பங்கு ஒன்றுக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டேன். ஒரு மாலை மணலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "பாட்டா, கடலுக்குள்ளே போய்விட்டால் மனதுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாமி ஒரு நாள் வந்து பாருங்க" என்றார். போனேன். கரை மறையும் முன்பே என் குடல் வாய்க்கு வந்துவிட்டது. படகைத் திருப்ப வேண்டியதாயிற்று. என்னால் அவர்களுக்கு ஒரு நாள் பாடு போயிற்று. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட எனக்கு அன்று தோன்றவுமில்லை என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இதில் எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. நம் கரையின் பாதுகாவலராம் புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1542 மே 6ஆம் நாள்தான் கோவா வந்து சேர்ந்தார். பதின்மூன்று மாதம்! வழியில் மொசாம்பிக்கிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு இரண்டு மாத காலம் கடல் மயக்கம் இருந்ததாகவும், கினி நாட்டுக் கரைக்கு அருகே காற்றே இல்லாமல் கப்பல் நாற்பது நாள் கிடந்து எல்லோரும் துன்புற்றதாகவும் தெரிவிக்கிறார். உலகம் முழுவதையும் கொடுப்பதாகச் சொன்னாலும் இத்தகைய பாடுகளை ஒரு நாள்கூட ஏற்கத் துணிந்திருக்க மாட்டேன், இறைவனுக்காகவே ஏற்றேன் என்ற பொருள்பட எழுதுகிறார். புயலைவிடக் காற்றில்லாத கடல் கொடியது என்பதைப் பாய்மரக் காலத்தவர் நன்கு அறிவர். 1544இல் அவர் நம் கரையோரமாக ஊர் ஊராக நடந்து முக்குவ மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று அவரே குறித்திருக்கிறார். கடலில் வாடியவரும் கடலில் வாழ்ந்தவர்களும் அப்படிச் சந்தித்தார்கள்.

நம் முன்னோரின் கட்டுமரம் வேறு வகை. அதில் மாதக்கணக்கு இல்லை. இருட்டோடு தள்ளினால் பொழுது ஏறியதும் கரை. பெரும் ஆபத்து ஆழ்கடலில் அல்ல, கரையை ஒட்டி உடையும் அலையில்தான் இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் அந்த அலையைத் தாண்ட முடியாமல் மரங்கள் மணலிலேயே கிடக்கும். வீட்டில் அடுப்பும் சும்மா கிடக்கும். மீனோடு திரும்பிய நாளிலும் அது முழுவதும் அவர்களுடையதன்று. முன்பணம் கொடுத்த வியாபாரி ஏலத்தில் நிற்பான். கோவிலுக்குரிய பங்கை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் வழக்கமும் நம் கடற்புறத்து ஊர்கள் பலவற்றில் இருந்தது. குருக்களாகிய நாங்கள் இதை மறந்துவிட்டுக் கடலோடியின் வறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது முறையல்ல. ஆகவே, விருப்பப்பட்டா போனான் என்ற கேள்விக்குப் பாதி விடை கடன் நோட்டில் இருக்கிறது.

மறுபாதியை எனக்குக் கற்பித்தவர் அதே பாட்டாதான். "கடல்ல என்ன சந்தோஷம் சாமி? பார் கண்டா சந்தோஷம்" என்றார். பார் என்பது கடலடியிலுள்ள பாறைத் திட்டு. மீன் கூடும் இடம். மேலே நின்று பார்த்தால் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. கரையிலுள்ள ஒரு மலைமுகட்டையும் ஒரு கோவில் கோபுரத்தையும் நேர்பிடித்து, இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்களை நேர்பிடித்து, இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தூண்டிலை இறக்குவார்கள். அங்கே மீன் கடிக்கும். எழுத்தறியாத அந்த மனிதர் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளைப் புத்தகம் போல் வாசித்தார். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, சோழக்காற்று எப்போது திரும்பும், தண்ணீரின் நிறம் ஏன் மாறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கரையில் அவரை ஒருமையில் அழைத்த அதிகாரிகள் உண்டு. கடலில் அவர் அறிவாளி. அந்த மரியாதைதான் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தது என்பது என் எண்ணம். ஆண்டவர் உயிர்த்த பின்னும் புனித இராயப்பர் மீன்பிடிக்கப் போகிறேன் என்று புறப்பட்டதை அருளப்பர் நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டாவின் முகம் நினைவுக்கு வரும். மனம் குழம்பியவன் தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போகிறான்.

பிறகு காலம் மாறிற்று. விசைப்படகு வந்தது, கட்டுமரத்துக்கும் அதற்கும் சச்சரவு வந்தது, 1980களில் முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டினார்கள், பின்னர் ஃபைபர், எஞ்சின், ஜி.பி.எஸ். வந்தன. இவற்றை விரித்தால் மலரில் இடம் போதாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கருவிகள் பெருகப் பெருகக் கடலில் இருக்கும் நாட்களும் பெருகின. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் சுறா வேட்டைக்காரர் இந்தியாவெங்கும் பெயர் பெற்றவர்கள். இன்று அவர்களில் பலர் கொச்சியிலிருந்து புறப்பட்டு ஒரு மாதம், நாற்பது நாள் என்று தங்கல் தொழில் செய்கிறார்கள். டீகோ கார்சியா வரை போய் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்களும் உண்டு. வேறு சிலர் வளைகுடா நாட்டு முதலாளிகளின் படகுகளில் கூலிக்கு நிற்கிறார்கள். 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஈரானில் மாதக்கணக்கில் சிக்கியிருந்த தமிழக மீனவர்கள் ஜலஸ்வா என்ற கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார்கள். நம் மாவட்டத்தாரும் அவர்களில் இருந்தனர். அதே ஆண்டு சரக்குக் கப்பல்களில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் தவித்தவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 4 லட்சம் பேர். சவேரியாரின் பதின்மூன்று மாதம் மீண்டும் வந்துவிட்டது.

2017 நவம்பர் 30ஆம் நாளை நான் விவரிக்கத் தேவையில்லை. முந்தின நாள் இலங்கையை ஒட்டித் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கிப் புயலாயிற்று. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் போய்விட்ட படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் திரும்பாதவர்கள் நூற்றுக்கும் மேல். ஆனால் கரை மட்டும் பத்திரமா? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வழக்கப்படி தொழிலுக்குப் போகாமல் கரையில் இருந்தோம். கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி என்று மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர்களை அலை கொண்டுபோயிற்று. அன்று ஆழ்கடலில் இருந்தவர்களுக்கோ அந்த அலை படகின் அடியில் தெரியாமலே கடந்து சென்றது. சந்தோஷம், துக்கம், பாதுகாப்பு என்ற நம் சொற்களைக் கடல் கணக்கில் எடுப்பதில்லை.

இம்மலருக்காகப் பங்கின் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். மரணப் பதிவேட்டில் பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த இடம் என்று கட்டங்கள் உண்டு. சில பெயர்களுக்கு நேரே கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. எனக்கு முன்னிருந்த குருவானவர்கள் ஒவ்வொருவரும் அந்த இடத்தில் பேனாவைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

பாட்டா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நாட்களில் கண் மங்கிய பிறகும் விடியற்காலையில் மணலில் வந்து உட்காருவார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குத் தெரிந்த பார்களின் பெயர்களை நான் எழுதி வைக்கவில்லை. இன்றைய இளைஞர்களுக்கு அவை கைக்கருவியில் வெறும் எண்கள். நமது பங்கில் கட்டுமரம் வலித்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பங்கு அலுவலகத்தில் நீண்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பார்களின் பெயரும், எந்த மலையை எந்தக் கோபுரத்தோடு நேர்பிடிப்பது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். பேரப்பிள்ளைகள் அவர்களைக் கைபிடித்து அழைத்து வரட்டும். திருப்பலி முடிந்ததும் நான் அங்கேதான் இருப்பேன்.