ஓரம் கிழிந்த நூறு லென்ஸ்கள்

தினமும் காலையில் லென்ஸை விரல் நுனியில் ஏந்தி வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பேன். ஓரம் கிண்ணம்போல் நிமிர்ந்து நின்றால் சரி. தட்டுப்போல் வெளியே விரிந்தால் லென்ஸ் புரண்டிருக்கிறது என்று பொருள். பல வருடப் பழக்கம். அந்த ஓரத்தின் பின்னால் அலைந்து ஒரு மழைக்காலமே கழியும் என்று நினைத்ததில்லை.

2021 அக்டோபர் 27 அன்று கூகுள் முகப்பில் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லேயின் படம் வந்தது. அவருடைய 108ஆவது பிறந்தநாள். அன்று எல்லோரும் பகிர்ந்த கதை இது: 1961 கிறிஸ்துமஸ். பிராக் நகரில் அவர் வீட்டுச் சமையலறை மேசை. மகனின் சைக்கிள் டைனமோ, அழைப்பு மணிக்கான டிரான்ஸ்ஃபார்மர், 'மெர்குர்' என்ற குழந்தைகளின் உலோகக் கட்டுமான விளையாட்டுத் துண்டுகள். இவற்றைக் கோத்து ஓர் இயந்திரம் செய்தார். மனைவி லிண்டா துணை நின்றார். நான்கு மென் லென்ஸ்கள் பிறந்தன. அவற்றைத் தன் கண்ணிலேயே போட்டுப் பார்த்தார். பவர் பொருந்தவில்லை, ஆனால் உறுத்தவில்லை.

கண்ணில் உறுத்தாத அந்தக் கதை என் மனத்தில் உறுத்தியது. அந்த இயந்திரம் லென்ஸைச் சுழற்றி வார்த்தது. நான் போடுகிற லென்ஸோ சுழலாத இரட்டை அச்சுக்குள் வார்க்கப்பட்டது. அப்படியென்றால் சமையலறை இயந்திரம் என் லென்ஸுக்கு என்ன உறவு? தாத்தாவா, பக்கத்து வீட்டுக்காரரா?

முதல் தடயம் 'நேச்சர்' இதழின் 185ஆம் தொகுதியில் கிடைத்தது. 1960 ஜனவரி 9, பக்கம் 117, 118. இரண்டே பக்கக் கட்டுரை. உயிரியல் பயன்பாட்டுக்கான நீர்விரும்பும் கூழ்மங்கள் பற்றியது. தேதியைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் இயந்திரத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே பொருள் தயார். 'ஹெமா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட்டில், இழைகளைக் குறுக்கே பிணைக்கும் இன்னொரு சேர்மத்தை மிகச் சிறிதளவு கலந்து இறுகவைத்தால், தண்ணீரில் கரையாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கூழ்மம் கிடைக்கிறது. எடையில் ஏறக்குறைய 38 சதவீதம் நீர். கட்டுரையில் காண்டாக்ட் லென்ஸ் ஓரிடத்தில் தலைகாட்டிவிட்டு மறைகிறது, செயற்கை ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில். நான் கையால் குறித்துக்கொண்டது வேறொன்றை: கட்டுரையின் தலையில் இரண்டு பெயர்கள். ஓ. விக்டெர்லே, டி. லீம்.

ட்ராஹோஸ்லாவ் லீம். பகிரப்பட்ட கதைகள் எதிலும் இந்தப் பெயரை நான் பார்த்திருக்கவில்லை. விக்டெர்லேயின் உதவியாளர். ஆய்வகத்தில் அந்தக் கூழ்மத்தை முதலில் உருவாக்கியவர் இவர்தான்.

பொருளைத் தேட வைத்தது ஒரு ரயில் பயணம். 1952இல் ஓலோமௌட்ஸிலிருந்து பிராகுக்கு வரும் வழியில், இழந்த கண்ணுக்குப் பதில் பொருத்தும் உலோகத்தைப் பற்றிச் சக பயணி ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். உடம்போடு ஒத்துப்போக உலோகத்தைவிட நீர் ஏற்கும் பிளாஸ்டிக் நல்லது என்று விக்டெர்லே சொன்னார். இந்தக் கதையும் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

அடுத்து காப்புரிமைகள். இது பொறுமையைச் சோதிக்கும் இலக்கியம். ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், வழக்கறிஞர் மூச்சுவிட மாட்டார். ஆனால் பொய் சொல்ல இடமில்லாத ஆவணம் அது: யார், எப்போது, எதை உரிமை கோரினார் என்பது அப்படியே நிற்கும். அமெரிக்கக் காப்புரிமை எண் 2,976,576, விக்டெர்லே, லீம் இருவர் பெயரிலும் 1961 மார்ச்சில் வழங்கப்பட்டது; விண்ணப்பித்ததோ 1956இல். கூழ்மத்துக்கு உருவம் கொடுக்கும் வழி அதில் இருக்கிறது. எண் 3,408,429, சுழற்சி வார்ப்புக்கு, 1968 அக்டோபர். இதில் விக்டெர்லே மட்டும்.

இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது? 1957இல் மூடிய பாலிஸ்டைரீன் அச்சுகளில் விக்டெர்லே சுமார் நூறு லென்ஸ்கள் வார்த்திருக்கிறார். ஆக, சமையலறையில் பிறந்தவை முதல் மென் லென்ஸ்கள் அல்ல. ஆனால் இந்த நூறும் தேறவில்லை. அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரங்கள் பிளந்தன, கிழிந்தன. ஓரம் கிழிந்த லென்ஸ் இமைக்கடியில் மணல் விழுந்தது மாதிரி. உதவாது.

ஏன் கிழிந்தது? இங்கேதான் நான் வழி தவறினேன். கூழ்மம் பலவீனமானது, அதனால் கிழிந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்துப் பல வாரம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். திருத்தியது வேறொரு நாட்டின் ஆவணம். தாமஸ் ஷெப்பர்ட் பெற்ற, 1980இல் வெளியான ஒரு காப்புரிமை. அவருடைய அச்சின் விளிம்பு வளையக்கூடியது. எதற்கு வளைய வேண்டும்? திரவம் இறுகும்போது சுருங்குகிறது. விளிம்பும் கூடவே உள்வாங்கி அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டுகிறது. எதுவும் கலக்காத ஹெமா இறுகும்போது கனஅளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். எல்லாப் பக்கமும் விறைப்பாக மூடிய அச்சுக்குள் பொருள் சுருங்கினால், ஏதோ ஓரிடத்தில் அது விட்டுக்கொடுத்தாக வேண்டும். மிக மெல்லிய இடம் ஓரம். 1957இன் நூறு லென்ஸ்களிலும் குற்றவாளிகளில் ஒருவர் இந்தச் சுருக்கம்தான் என்பது என் ஊகம்.

இதைத் தெரிந்துகொண்டு 3,408,429ஐ மறுபடி படித்தபோது சமையலறை இயந்திரம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. டம்ளரில் காபியைக் கரண்டியால் வேகமாகக் கலக்கிப் பாருங்கள். நடுவில் குழி விழும், ஓரம் ஏறும். விக்டெர்லே செய்தது அதுதான். குழிவான சிறு அச்சில் அளந்து ஒரு துளி விட்டு, அச்சையே சுழற்றினார். அச்சின் குழிவு லென்ஸின் முன்பக்கத்தைத் தருகிறது. சுழற்சியில் திரவம் தானாக எடுக்கும் வளைவு, கண்ணைத் தொடும் பின்பக்கம். துளியின் அளவையும் வேகத்தையும் மாற்றினால் பவர் மாறும். மேலே மூடி இல்லை. சுருங்கினால் சுருங்கிவிட்டுப் போகட்டும், பிடித்து இழுக்க யாருமில்லை. திரவம் அச்சின் மேல் ஏறி மெலியும் இடத்தில் ஓரம் உருவாகிறது. 1972இல் மெல்லிய ஓர லென்ஸைச் சுழற்றி வார்ப்பதற்கென்றே அவர் இன்னொரு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மனுஷருக்கு ஓரத்தின் மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்கும்!

வேலை வேகம் பிடித்தது. விளையாட்டுத் துண்டுகளிலேயே கூடுதல் அச்சுகள் சுழலும் இயந்திரங்கள் கட்டினார். டைனமோவின் பலம் போதாமல் கிராமபோன் மோட்டாரைக் கழற்றினார். 1962இன் முதல் நான்கு மாதங்களில் கணவனும் மனைவியும் 5,500 லென்ஸ்கள் வார்த்தார்கள். 1958இல் அரசியல் களையெடுப்பில் பிராக் வேதியியல் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். பிறகு 1965இல் செக்கோஸ்லோவாக் அறிவியல் கழகம் அவருக்குத் தெரியாமலே உரிமையை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. அங்கிருந்து அது பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்துக்குப் போய், 1971 மார்ச்சில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றுக் கடைக்கு வந்தது.

நடுவில் இன்னொரு வழியும் உண்டு: காய்ந்த, கண்ணாடிபோல் விறைத்த ஹெமா வில்லையைக் கடைசல் இயந்திரத்தில் சீவி, பிறகு நீரில் ஊறவைப்பது. ஊறும்போது எல்லா அளவும் பெருகும் என்பதால் கணக்குப் போட்டுச் சிறிதாகவே கடைய வேண்டும். சிறப்பு அளவு லென்ஸ்களுக்கு இன்றும் இதுதான் வழி.

இனி என் லென்ஸ். 1985இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு காப்புரிமை, எண் 4,495,313. ஹெமாவைத் தனியாக இறுகவைக்காமல், போரிக் அமில எஸ்டர் ஒன்றைக் கலந்து மூடிய அச்சில் இறுகவைக்கிறார்கள். பிறகு எஸ்டர் வெளியேற, அதே இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. வீட்டைக் காலி செய்தவர் போன கையோடு அடுத்தவர் குடிவருவதுபோல, சுவர் நகர்வதில்லை. டேனிஷ் நுட்பத்தை ஜான்சன் அண்ட் ஜான்சன் வாங்கியது. 1988இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த, போட்டுத் தூக்கி எறியும் 'அக்யூவியூ' அதன் விளைவு. பாலிப்ரொப்பிலீனில் ஒரு குழி, ஒரு மூடி, நடுவே துளி, ஒளியில் இறுகல், தண்ணீரில் ஊறல், கேமரா சோதனை, உப்புநீர்க் குப்பி, அலுமினியத் தாள், நீராவியில் கிருமிநீக்கம். அச்சு ஒரே ஒரு முறைக்குத்தான். லென்ஸ் வெளியே வந்ததும் அதற்கு வேலை முடிந்தது.

மூடிய அச்சு. ஆம், 1957இல் தோற்ற அதே வழி. இன்று உலகத்தில் மிகப் பெரும்பாலான மென் லென்ஸ்கள் அப்படித்தான் வார்க்கப்படுகின்றன. சைக்கிள் டைனமோ என் லென்ஸின் நேரடி மூதாதை அல்ல. ஓரம் கிழிந்த அந்த நூறுதான். ஆனால் சீவாமல், மெருகேற்றாமல், ஒரு துளியிலிருந்தே முழு லென்ஸை மலிவாக, ஆயிரக்கணக்கில் எடுக்க முடியும் என்று காட்டியது சமையலறை மேசை. அது இல்லாவிட்டால் மூடிய அச்சுக்கு இரண்டாம் வாய்ப்பைக் கொடுக்க யாரும் பணம் போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் தீர்ப்பு.

கிறிஸ்துமஸ் கதையை இனிச் சொல்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டைனமோவைச் சொல்லுங்கள், லிண்டாவைச் சொல்லுங்கள். 'நேச்சர்' கட்டுரையில் இரண்டாவதாக அச்சாகியிருக்கும் ட்ராஹோஸ்லாவ் லீமையும் விட்டுவிடாதீர்கள்.