நுண்ணிசைவு வாதம்

இயற்பியல் மாறிலிகளின் அளவு சற்றே பிசகியிருந்தாலும் உயிர் தோன்றியிருக்காது. அவை தற்செயலாக இப்படி அமைவது அரிதினும் அரிது. ஆகவே பேரண்டத்தை ஓர் அறிவே வடிவமைத்திருக்க வேண்டும் என்று நிகழ்தகவின் வழியே நிறுவ முயலும் வாதம்.

இவ்வகை வாதத்தின் பழைய வடிவம் ஒன்று லண்டன் நகரத் திருமுழுக்குப் பதிவேடுகளிலிருந்து கிளம்பியது. ஆன் அரசியின் மருத்துவரான ஜான் அர்பத்நாட், 1629 முதல் 1710 வரையான 82 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே மிகுதியாகத் திருமுழுக்குப் பெற்றதைக் கண்டார். இரு பாலும் சமவாய்ப்பில் பிறப்பதானால் இப்படி நேர்வதற்கான நிகழ்தகவு, 2-ஐ 82 முறை பெருக்கி வரும் 25 இலக்க எண்ணில் ஒரு பங்கு. ஆண்கள் ஆபத்தான தொழில்களில் அதிகம் மாள்வதால், அந்த இழப்பை ஈடுகட்ட இறைவன் செய்த ஏற்பாடு இது என்று அவர் தம் கட்டுரையில் முடித்தார். புள்ளியியலின் கருதுகோள் சோதனைக்கு இக்கட்டுரையே முன்னோடி; அந்தப் பெருமை அதற்கு என்றும் உண்டு.

முடிவு மட்டும் நிற்கவில்லை. 35 முகங்கள் கொண்ட பகடையில் 18 முகம் ஆண், 17 முகம் பெண் என்று வைத்துக்கொண்டால் இதில் வியப்பே இல்லை என 1713-இல் நிக்கோலஸ் பெர்னூலி காட்டினார். அர்பத்நாட் பொய்ப்பித்தது சமவாய்ப்பை. தற்செயலையே பொய்ப்பித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். பிற்கால வாதங்கள் பலவும் இதே இடத்தில்தான் இடறுகின்றன.

நுண்ணிசைவுக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று கார்பன். விண்மீன்களில் அது உருவாக வேண்டுமானால் அதன் அணுக்கருவுக்குச் சுமார் 76.5 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில் ஓர் ஆற்றல்நிலை இருந்தாக வேண்டும் என்று பிரெட் ஹாயில் 1953-இல் முன்னுரைத்தார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகச் சோதனை அதை உறுதிசெய்தது. அப்போது அவர் விளக்க முயன்றது கார்பனின் மிகுதியை. உயிருடன் அதை முடிச்சுப் போட்டது பிற்காலம். 1973-இல் கிராக்கோவில் பிராண்டன் கார்ட்டர், காண்போர் இருக்கக்கூடிய அண்டத்தை மட்டுமே காண்போர் காண முடியும் என்ற மானுடக் கோட்பாட்டை முன்வைத்தார்.

மாறிலி ஒன்று முடிவிலி வரை எந்த அளவையும் ஏற்கலாம் என்றால், எல்லா அளவுகளுக்கும் சம நிகழ்தகவைப் பங்கிட்டுக் கூட்டுத்தொகையை ஒன்றாக்க இயலாது. டிமத்தி மெக்ரூ, லிடியா மெக்ரூ, எரிக் வெஸ்ட்ரப் ஆகியோர் 2001-இல் இதை எடுத்துக்காட்டிய பின், ‘அரிது’ என்ற சொல்லுக்கு இங்கே கணித அடிப்படை உண்டா என்பதே கேள்விக்குள்ளாயிற்று.

ஸ்டீவன் வெயின்பர்க் 1987-இல் மானுடக் கோட்பாட்டைக் கொண்டு அண்டவியல் மாறிலிக்கு வகுத்த மேல்வரம்புக்குள் 1998-க்குப் பின் அளந்த மதிப்பு அடங்கியதால், பல அண்டங்கள் உண்டு, காண்போர் இருக்கக்கூடிய ஒன்றில் நாம் இருக்கிறோம் என்னும் கருத்தே இன்று இவ்வாதத்தின் முதன்மைப் போட்டியாக உள்ளது.