உழுதுகொண்டே எண்ணிய பையன்

1943ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லியோ கானர் என்னும் மனநல வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் வாயிலாகவே, ஆட்டிசம் என்று இன்று நாம் வழங்கும் நிலை ஆங்கில வைத்திய உலகத்துக்கு அறிமுகமாயிற்று. அவற்றுள் முதற் குழந்தையான டொனால்டு, வாணலியாயினும் மரக்கட்டையாயினும் கைக்கு அகப்பட்டதைச் சுழலவிட்டு ஆனந்தத்தால் துள்ளிக் குதிப்பான்; இடையே தடுத்தாலோ கோபாவேசம் கொண்டு அலறுவான்.

ஒரே காரியத்தை ஓயாமல் செய்யும் இச்சுபாவத்துக்குப் பரிகாரம் யாது என்ற கேள்விக்கு அக்காலத்தில் கிடைத்த உத்தமமான விடை, என் அபிப்பிராயத்தில், வைத்தியர் எவரும் கூறியதன்று. மிஸிஸிப்பி மாகாணத்துக் குடியானவத் தம்பதி ஒருவரின் பண்ணையில் டொனால்டை அவன் பெற்றோர் விட்டிருந்தனர். 1945இல் கானர் அங்கே சென்றபோது, எதையும் அளந்துகொண்டேயிருந்த பையனைக் கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தைச் சொல்லவைத்திருந்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தவனுக்கு ஒரு மூலையை மயானமாக ஒதுக்கி, அடையாளப் பலகைகள் நடவிட்டிருந்தார்கள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணியவனை, சரி, உழுதுகொண்டே எண்ணு என்று ஏரில் நிறுத்தியிருந்தார்கள். கானரின் கண்ணெதிரே நீண்ட வரிசைகள் ஆறினை உழுத பையன், குதிரையை லாவகமாகத் திருப்பிய விதம் அவரை வியக்கவைத்தது.

இந்த எளிய யுக்தியைச் சாஸ்திரம் சிரத்தையோடு கவனித்திருக்கலாம். ஆனால் கவனிக்கவில்லை; தாயின் அன்புக் குறைவே நோய்க்குக் காரணமென்று சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் சாதித்துவந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் ஐவர் லோவாஸ் என்னும் உளவியலாரோ, 1965இல் வெளியான பரிசோதனையில், ஐந்து வயது இரட்டையரை மின்சாரம் பாயும் தரையிலே வெறுங்காலுடன் நிறுத்தினார். அவர்களுடைய ஓயாத அசைவுகள் அடங்கின என்பது மெய்தான். அதிர்ச்சிக்கு அஞ்சி அடங்காத பிள்ளை எது?

அவ்வசைவுகளால் விளையும் பயனை, ஆட்டிசம் உடையோரே வளர்ந்து எழுதத் தலைப்பட்ட பின்னரே உலகம் கேட்டறிந்தது. மணலை விரலிடுக்கில் வழியவிட்டு அதிலேயே லயித்திருக்கையில், தம்மைத் துன்புறுத்திய இரைச்சல் மறைந்துபோனதை அவர்களுள் ஒருவரான டெம்பிள் கிராண்டின் எழுதினார்.

ஔஷதங்களின் கதை சுருக்கமானது. மனச்சோர்வுக்கு வழங்கும் சிட்டலோபிராம் என்னும் மருந்து இச்சுபாவத்தைத் தணிக்குமா என்று ஆட்டிசம் உடைய 149 பிள்ளைகளிடம் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள்: வெற்று மாத்திரையைவிட அது அதிகப் பயன் தரவில்லை, மேலும், அம்மருந்தை உண்ட பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்பட்ட பக்கவிளைவுகளின் வரிசையில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் இடம்பெற்றிருந்தது.