பகைக் கிருமியைப் பணிகொண்ட வரலாறு

கிருமி என்றதும் நாம் அஞ்சுகின்றோம். காலராவுக்கும் காசநோய்க்கும் உற்றாரைப் பறிகொடுத்த மக்கள் அஞ்சுவது இயல்பே. ஆயினும், அக்கிருமியையே புற்றுநோயின்மீது ஏவிப் பார்த்த சரித்திரம் ஒன்றுண்டு. அதனை நம் வாசகர் அறிதல் நன்று.

நியூயார்க் நகரத்து ரண வைத்தியர் வில்லியம் கோலி என்பார், தம்மிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி 1891-ஆம் ஆண்டில் புற்றால் மடியக் கண்டு மனம் நொந்தார். பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் புரட்டினார். கழுத்தில் புற்றுக்கட்டி கொண்ட ஒருவர்க்குத் தோலைச் சிவக்கச் செய்யும் தொற்றுக் காய்ச்சல் கண்டதாகவும், அதன்பின் கட்டி கரைந்ததாகவும் ஒரு குறிப்பு கூறிற்று. அவரைத் தேடிப் பிடித்தார். அவர் சுகமாக வாழ்ந்திருந்தார்!

அது முதல் கோலி, கிருமிகளை உயிரோடும், பின்னர்க் கொன்றும் நோயாளிகட்கு ஊசிவழிச் செலுத்தினார். சிலர் பிழைத்தனர், சிலர் அக்காய்ச்சலாலேயே மாண்டனர். மருந்தின் அளவும் தரமும் ஒருசீராக இல்லை. கதிர் வைத்தியம் வந்தபின் அவர் முறை மங்கிற்று. 1936-ல் அவர் மறைந்தார்.

எனினும், அக்கருத்து மாளவில்லை. காசநோய் வாராமல் நம் குழந்தைகட்குக் குத்தும் பி.சி.ஜி. மருந்திலே இருப்பது வலிகுன்றிய உயிர்க்கிருமியே. அதனை மூத்திரப்பையிற் செலுத்தினால் அங்குள்ள புற்று தணிகிறதென்று, கனடா நாட்டு அல்வாரோ மொராலெஸ் 1976-ல் எடுத்துக் காட்டினார். 1990-ல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி தந்தது.

அடுத்து, கிருமியையே மாற்றியமைக்கும் முயற்சி எழுந்தது. கட்டியின் உட்புறத்தே பிராணவாயு அருகும். உடலின் காவற்படையும் அங்கே தளரும். சில கிருமிகட்கு அதுவே தழைக்குமிடம். ஆகவே, இரண்டு மரபணுக்களை நீக்கி நஞ்சு குறைத்த சால்மோனெல்லாக் கிருமியை 25 நோயாளிகளிடம் சோதித்தனர். ஒருவர் கட்டியும் சுருங்கவில்லை என்று 2002-ல் ஒளியாது வெளியிட்டனர். 2019-ல் கொலம்பியா சர்வகலாசாலையார், கட்டிக்குள் பெருகித் தாமே வெடித்து மருந்து சொரியும் கிருமிகளை அமைத்து, எலிகளின் புற்றைச் சுருக்கினர். எலிக்குப் பலித்தது மனிதர்க்கும் பலிக்குமென்று அதனாலேயே முடிவு கட்டலாகாது.

தோழர்களே! தோல்வியையும் எழுதிவைப்பதே மெய்யான வைத்தியம். ‘கைகண்ட மருந்து’ என்று கூவி விற்போன் தன்னிடம் மாண்டவர் கணக்கை என்றேனும் காட்டியதுண்டா? புற்றின் அறிகுறி கண்டால் அவனிடம் பணத்தையும் நாளையும் இழவாது, தாமதமின்றி ஆஸ்பத்திரியை நாடுவதே அறிவுடைமையாகும்.