மலைக்கள்ளனும் ரேகைச் சட்டமும்

ஜான் டில்லிஞ்சர் என்ற அமெரிக்க வங்கிக் கொள்ளைக்காரன் 1934 ஜூலை 22 இரவு சிகாகோவில் ஒரு சினிமாத் தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது சுடப்பட்டுச் செத்தான். உள்ளே அவன் பார்த்துவிட்டு வந்ததும் ஒரு கொள்ளைக்காரன் கதைதான். சிறையிலிருந்து அவன் விடுதலையானது 1933 மே மாதம். ஆக, அவனுடைய கீர்த்தியின் ஆயுள் பதினான்கு மாதம். அவன் உயிரோடிருக்கும்போதே, 1934 மார்ச்சில், ஹாலிவுட் முதலாளிகள் சங்கத்தின் தலைவர் வில் ஹேஸ் அவனைப் பற்றி யாரும் படமெடுக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். 1945ல்தான் மானோகிராம் என்ற சின்னக் கம்பெனி 'டில்லிஞ்ச'ரை எடுத்தது. அதில் ஒரு சினிமாக் கொட்டகையில் செய்திப்படம் முடிந்ததும் டில்லிஞ்சரின் தகப்பனார் மேடையேறித் தம் மகனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். மகன் கதை அங்கிருந்து விரிகிறது. லாரன்ஸ் டியர்னியின் கல் மூஞ்சியில் நியாயம் கேட்கும் பாவனை மருந்துக்கும் இல்லை. படம் அவனுக்காக வக்காலத்து வாங்கவில்லை என்பதே எனக்கு அதில் பிடித்த அம்சம்.

வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் அங்கே இல்லை. 1930க்கும் 1933க்கும் இடையில் அமெரிக்காவில் சுமார் ஒன்பதாயிரம் வங்கிகள் மூடப்பட்டன. போட்ட பணம் போயிற்று; நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. ஜனங்களின் கண்ணுக்கு வங்கியே முதல் கொள்ளைக்காரன். 'ப்ரெட்டி பாய்' ஃப்ளாய்ட் என்ற இன்னொருவன் வங்கிக்குள் புகுந்தால் அடமானப் பத்திரங்களைக் கொளுத்திவிட்டுப் போவான் என்று ஓக்லஹோமாவில் கதை உண்டு. அது நடந்ததா என்பது வேறு விஷயம். நடந்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் விரும்பினார்கள்.

அதே வருஷங்களில் எங்கள் கரிசலிலும் மந்தம் வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம் கண்ட ஜனங்கள். போட்டது கருங்கண்ணிப் பருத்தி, கம்பு, சோளம். 1929க்குப் பிறகு பருத்தி விலை சரிந்தபோது கடன் சரியவில்லை. ஆனால் இங்கே கொள்ளையடிக்க வங்கி எங்கே இருந்தது? சம்சாரிக்கு வங்கி என்பது ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு பெட்டி, அதற்குள் ஒரு புரோநோட்டுக் கட்டு. பட்டணத்தில் இருந்த ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவாலாகி, நம்பிப் பணம் போட்டவர்களைத் தெருவில் நிறுத்தியது. அதன் முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்கும் போனார். எங்கள் பக்கத்துச் சம்சாரிக்கு அந்த நஷ்டத்தை அடையும் வசதிகூட இருந்ததில்லை. புரோநோட்டின் பாரம் கொஞ்சம் குறைந்தது சட்டத்தால். ராஜாஜி மந்திரிசபையின் 1938ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை ஏறி நின்ற வட்டியைத் தள்ளிவிட்டது. இதைப் பற்றி யாரும் சினிமா எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஓடியிருக்காது.

கொள்ளை இல்லாத பூமியல்ல எங்களுடையது. அதன் இலக்கணம் வேறு. காவல் என்ற ஏற்பாட்டில் ஊரைக் காப்பவனுக்கு விளைச்சலில் பங்கு. களவு போனால் அவன் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். கம்பெனி சர்க்கார் 1816ல் இதை ஒழித்ததாகச் சொல்லிக்கொண்டாலும் கிராமம் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்பது ரொம்ப காலம் நடந்தது. காப்பவனும் கவர்பவனும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பதை எல்லோரும் அறிந்தே வாழ்ந்த ஏற்பாடு இது. துரைமார்கள் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்கவில்லை. ஜாதி பார்த்து அறுத்தார்கள். 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஜனங்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். சட்டத்தை அது உடம்பில் தொட்ட இடத்தைக் கொண்டே பெயரிட்ட அந்தச் சொல்லில் இருக்கும் துல்லியம் வக்கீல்களுக்கு வராது. மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மேல் 1920 ஏப்ரல் 3ல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மந்தத்தின் வாசலில், 1929 வாக்கில், திருச்சுழிக்குக் கிழக்கே ஆப்பநாட்டு மறவர் கிராமங்களுக்கும் சட்டம் வந்தது. பதிவான ஆள், களவே செய்யாதவனாயினும், ராத்திரியில் தன் இருப்பைப் போலீசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 1947ல்தான் சென்னை மாகாணத்தில் இது ரத்தாயிற்று.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை விட்டுவிட்டுப் பேசுவது அயோக்கியத்தனம். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி, சிவகாசி என்று நாடார் வியாபாரிகள் பேட்டைகளை அமைத்ததும், உறவின்முறை கூடி மகமை வசூலித்ததும், வண்டியும் சரக்கும் மாடும் வழியில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 1899 ஜூனில் சிவகாசி எரிந்தது. அவர்கள் வீட்டில் கொள்ளைக்காரன் என்ற சொல்லுக்குச் சாகச அர்த்தம் கிடையாது. ரேகை வைத்தவன் பேரனும் பேட்டைக் கதவைத் தாழ்ப்போட்டவன் பேரனும் பிற்பாடு ஒரே டூரிங் கொட்டகையின் மணலில் உட்கார்ந்து ஒரே கொள்ளைக்காரனுக்குக் கைதட்டினார்கள். எனக்கு விளங்க வேண்டியிருந்தது இந்தக் கைதட்டல்தான்.

டில்லிஞ்சர் ஓடிக்கொண்டிருந்த 1934ல் தமிழ் சினிமா 'பவளக்கொடி' பாடிக்கொண்டிருந்தது. வேறு என்ன செய்ய முடியும்? சென்னையில் தணிக்கை போர்டின் தலைவரே போலீஸ் கமிஷனர். எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் 1936ல் எடுத்த 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆர். என்ற புதுமுகம் அறிமுகமானது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராக. பதினெட்டு வருஷம் கழித்து, 1954ல், அதே நடிகர் 'மலைக்கள்ள'னானார். கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் மு. கருணாநிதி, எடுத்தவர் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். 'ஆஸாத்' என்று ஹிந்திக்குப் போயிற்று, சிங்களத்துக்கும் போயிற்று.

படம் வந்து எத்தனையோ வருஷத்துக்குப் பின் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து நானும் பார்த்தேன். அப்போது உறைக்காதது இப்போது உறைக்கிறது. மலைக்கள்ளன் கள்ளனே அல்ல. வேஷத்தைக் கலைத்தால் அவன் குமாரவீரன், நல்ல குடும்பத்தில் காணாமற்போன பிள்ளை, கதாநாயகிக்கு முறைமாப்பிள்ளை. இன்னொரு வேஷத்தில் வியாபாரி அப்துல் ரஹீம். அதாவது கொள்ளையடிக்கப்படக்கூடியவனும் அவனே. ரேகைப் புத்தகத்தில் பெயர் ஏறக்கூடிய ஒருவன் படத்தின் நடுவில் இல்லை. அவனை விலக்கிவிட்டதால்தான் இரண்டு பேரன்களும் சேர்ந்து கைதட்ட முடிந்தது. இது சாமர்த்தியம்தான், சாமர்த்தியத்துக்குக் கலை என்று பெயர் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

நிஜக் கள்ளன் எப்படி இருப்பான்? திருச்சுழியில் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்துக்குள் 1924 ஜூனில் திருடர்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். அவர் கதவைத் திறந்துவிடச் சொன்னார். அவரையும் தொடையில் அடித்தார்கள். கிடைத்தது சொற்பம். எதிர்த்து அடிக்கப் போன சீடர்களை அவர் தடுத்துவிட்டார். குருட்டுப் பயமும் பசியும், ஒன்றுமில்லாத இடத்தில் தேடும் முட்டாள்தனமும்தான் களவு. நம் சினிமாவுக்கு இது தாங்காது.

1977 ஜூனில் சட்டசபைத் தேர்தல். அப்போது ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்த (1985லிருந்து விருதுநகர் மாவட்டம்) அருப்புக்கோட்டையில் எம்.ஜி.ஆர். நின்றார், ஜெயித்தார், ஜூன் 30ல் முதலமைச்சரானார். ரேகைச் சட்டம் ரத்தாகி அப்போது முப்பது வருஷம்தான். ரேகை வைத்த கட்டைவிரல்களில் சில அந்த வாக்குச்சீட்டையும் மடித்திருக்கும். 1980ல் அவர் மதுரை மேற்குக்குப் போய்விட்டார்.

பின்னால் வந்தவற்றில் 'மலையூர் மம்பட்டியான்' (1983) நிஜ ஆளை எடுத்துக்கொண்டு அவனுக்கு ஒரு பழிவாங்கும் காரணத்தைத் தைத்துக் கொடுத்தது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவல் ரேகைச் சட்டம் வரை வருகிறது. அதன் ஒரு பகுதியை எடுத்த 'அரவான்' (2012) பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டது. 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) சட்டத்தைப் பற்றிப் பாடம் சொல்லிவிட்டு, அந்தச் சட்டத்தின் கண்ணாலேயே வடக்கத்தி ஜாதி ஒன்றைப் பார்க்கிறது. 'ஜெய் பீம்' (2021) சிறை வாசலில் ஜாதி கேட்டு ஆட்களைப் பிரிக்கும் ஆரம்பக் காட்சியில் புத்தகத்தைத் திறக்கிறது. பிறகு வக்கீல் வந்துவிடுகிறார்.

ரேகைப் புத்தகங்கள் போனாலும் ஸ்டேஷன்களில் கேடி லிஸ்ட் இருந்தது. கேடி என்பது தமிழ் அல்ல. நோன் டெப்ரடேட்டர், கொள்ளையன் என்று போலீசுக்குத் தெரிந்தவன், என்ற உத்தியோகச் சொற்களின் முதல் இரண்டு இங்கிலீஷ் எழுத்துக்கள். எங்கள் பக்கம் இப்போது குறும்பு செய்யும் பேரப்பிள்ளையைக் கன்னத்தில் கிள்ளிக் கேடிப்பயலே என்கிறார்கள். 2013ல் 'கேடி பில்லா கில்லாடி ரங்கா' என்று ஒரு சிரிப்புப் படம் வந்து ஓடியது.