இரட்டை ஆயுதங்களின் தகுதி

ஒரே ஆயுதம் இரண்டு வேலை செய்யுமாயின் வீரனுக்குச் சுமை குறையும், வலிமை பெருகும் என்று எண்ணாத தேசமில்லை. வாளோடு கைத்துப்பாக்கியையும், கோடரிப் பிடிக்குள் குத்துவாளையும் சேர்த்துச் செய்த விந்தைக் கருவிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களிற் கிடக்கின்றன. அவற்றைக் கண்டு வியப்போர் பலர். களத்தில் உதவினவா என்று கேட்போர் சிலர். நம்மவருள்ளும் முன்னோர் ஆயுதங்களைப் பற்றி மேடையிற் பெருமை பேசுவோருக்குக் குறைவில்லை. அவற்றுள் ஒன்றையேனும் கையிற் பிடித்துப் பார்த்தோர் எத்தனை பேர்?

தோட்டத்து அன்பர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். இளஞ்செம்பனையிற் குலை வெட்ட உளி. உயர்ந்த மரத்திற்கு நீண்ட கழியிற் கட்டிய அரிவாள். இரண்டையும் ஒரே கழியிற் பொருத்தினால் என்னவென்று, கிராணி வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெட்டுமரத்துப் பெரியவர் ஒருவரை வினவினோம். “எதை வெட்டினாலும் மற்றது இடிக்குமே, ஐயா” என்றார். அவ்வொரு சொல்லே நமக்கு உரைகல்லாயிற்று.

கட்டாரியை எடுத்துக்கொள்வோம். குறுக்குப் பிடியைக் கைக்குள் அடக்கி, குத்துவிடுவதுபோல் நேரே செலுத்தும் இவ்வாயுதம் இந்தியாவுக்கே உரியது. தஞ்சை அரண்மனைக் கட்டாரிகள் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிற்காலத்தார் சிலர் அலகின் இருமருங்கிலும் சிறு துப்பாக்கி ஒவ்வொன்று பொருத்தினர். ஒவ்வொன்றும் ஒரு முறையே சுடும். மறுபடி மருந்து கெட்டிக்கக் கை ஓய்வு வேண்டும். நாம் மரக் கட்டாரி ஒன்று செதுக்கி, இருபுறமும் ஒரு சாண் இரும்புக் குழாய் கட்டி, தேங்காய் மட்டை திணித்த சாக்கிற் குத்திப் பார்த்தோம். அலகு பாதி இறங்குமுன் குழாய்கள் சாக்கில் முட்டின. இருபது குத்தில் மணிக்கட்டு வீங்கியது. பெரியவர் சொன்னபடியே இடித்தது!

சீமையிலும் இக்கதை உண்டு. துப்பாக்கிச் சனியன் என்னும் முனைக்கத்தியை முதலிற் குழாயின் வாயிலேயே செருகினர். செருகினாற் சுட இயலாது. சுட்டால் குத்த இயலாது. 1689-இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில், மக்கே என்னும் தளபதியின் படையினர் சுட்டு முடித்துக் கத்தியைச் செருகுமுன் மலைநாட்டார் வாளோடு பாய்ந்துவிட்டனர். படை சிதறியது. கத்தியைக் குழாய்க்கு வெளியே வளையத்தாற் பொருத்தும் முறை பரவிய பின்னரே, துப்பாக்கியும் ஈட்டியும் உண்மையில் ஒன்றாயின. உலகில் நிலைத்த இரட்டை ஆயுதம் அதுவே எனலாம். அதை நிலைக்கச் செய்தது அந்தச் சிறு வளையம்.

இனி நம்முடைய மான்கொம்பு. கலைமானின் கொம்புகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் முனை நோக்கப் பிணைத்து, நடுவே பிடி வைத்தது; சிலவற்றிற் கைக்கு முன்னே சிறு கேடயமும் உண்டு. சிலம்பம் பயில்வோர் இதை அறிவர். தடுப்பதும் குத்துவதும் ஒரே கையசைவில் நிகழ்வதால், இங்கே ஒன்று மற்றொன்றை இடிப்பதில்லை. நமது உரைகல்லில் இது தேறுமென்றே நம்பினோம்.

பெர்மாஸ் ஜெயாவிலுள்ள சிலம்ப நண்பர் ஒருவர், ஆண்டு விழாவில் மான்கொம்பைப் பற்றிப் பேச இருந்தார். “எதிர்ப்பாரில்லாத ஆயுதம்” என்பது அவர் கட்சி. சோதித்துவிட்டுப் பேசுங்கள் என்றோம். மரத்தாற் செய்த மாதிரியை நாம் ஏந்த, அவர் முதலிற் குறுங்கம்பு எடுத்தார். அடி கொம்பின்மேற் சறுக்கியது; அதே வீச்சில் நம் முனை அவர் விலாவைத் தொட்டது. பத்தில் ஆறு முறை அவ்வாறே. நண்பருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. பிறகு ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிலம்பக் கழியை எடுத்தார். நாம் நெருங்குமுன்னரே கழிமுனை மார்பில் நின்றது. பத்தில் ஒரே ஒரு முறைதான் உள்ளே புக முடிந்தது.

விழாவில் அவர் இரண்டு கணக்கையும் சொன்னார். கைதட்டல் சிறிது குறைந்தது. ஆனால், பேச்சு முடிந்ததும் ஏழெட்டுப் பையன்கள் மான்கொம்பைத் தொட்டுப் பார்க்க மேடைக்கு வந்துவிட்டனர்.